‘பரவாயில்லைங்க’

மகள் மரகதத்துக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தோட்டத்து ஆபீசுக்கு நானே நடந்துபோய் வாங்கி வந்தேன். நடந்து என்று எழுதுகிறேன், நொண்டி என்று நீ திருத்திப் படித்துக்கொள். அடுப்படியில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் தையல் கடைக்குப் புது மெஷின் வந்தது, பேரனுக்குக் கடைவாய்ப் பல் முளைத்தது, கொட்டகலையில் ஒரு வாரமாக மழை, எல்லாவற்றையும் ராகம் போட்டு வாசித்தேன். கடைசியில் நீ எழுதியிருந்த மூன்று வரியை மட்டும் சத்தமில்லாமல் முழுங்கப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, தாளில் இன்னும் எழுத்து மிச்சம் இருக்கிறது என்று தெரியாதா? “அடியில இன்னும் என்னமோ இருக்குல்ல, அதையும் படிங்க” என்றாள். படித்தேன். ‘கால் புண் பரவாயில்லை என்று மூன்று கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே வாருங்கள், வேறு டாக்டரிடம் காட்டுவோம்.’

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம் கங்காணியாக நின்று நாற்பது பேரை வேலை வாங்கியவனுக்கு, பெற்ற பிள்ளையே ‘நம்பிக்கை இல்லை’ என்று எழுதினால் சுருக்கென்று இருக்காதா? உன் அம்மா பாவாடை முடிச்சை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் ‘பரவாயில்லை’ என்ற இதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நான் அவளைக் கொல்லப் பார்த்தேன். அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். என் காலைப் பற்றிய பதிலைக் கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டுத் தாளைத் திருப்பாதே. இன்னொன்று, இந்தக் கடிதத்தை நீ மடித்துப் பெட்டிக்குள் வைக்கவும் வேண்டாம். உடம்புக்கு முடியாமல் உன்னைத் தேடி வருகிற பெண்களுக்கு வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் இருக்கிறது, இருந்தாலும் வாசி.

உனக்கு அப்போது பதினேழு வயது. பேர் பதிந்து கொழுந்து எடுக்க வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீயும் உன் அம்மாவும் என் கணக்கில்தான் தேயிலை நிரை பிடித்தீர்கள். டயகமப் பக்கத்துக் குளிர் உனக்குத் தெரியும். காலையில் மலைக்குப் போகும்போது பனி முகத்தில் ஊசியாய்க் குத்தும். எல்லாப் பெண்களும் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். உன் அம்மா மட்டும் கம்பளியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வாள். கேட்டால் புழுக்கமாக இருக்கிறது என்பாள். கண்ணு மண்ணு தெரியாத பனியில் புழுக்கமாம். லயத்து வீடுகளில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆற்றோரம் போனபோது ஏதோ அடித்துவிட்டது என்றார்கள், நாற்பதை நெருங்கினால் அப்படித்தான் என்றார்கள். இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள், ஆனாலும் கழுத்தெலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போனாள். கை நடுங்கியது. இளங்கொழுந்தோடு முற்றின இலையும் சேர்ந்து கூடைக்குள் விழுந்தது. தோட்டத்திலேயே சுத்தமாகக் கொழுந்து எடுக்கிறவள் என்று கணக்கப்பிள்ளை வாயால் பேர் வாங்கியவள் அவள்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கங்காணி தன் பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு வாயும் சொல்லிவிடக் கூடாது என்பது என் வைராக்கியம். அதனால் மற்றவர்களை ஒரு பங்கு அதட்டினால் உங்கள் இருவரையும் இரண்டு பங்கு அதட்டுவேன். ஒருநாள் அவள் நிரையில் பின்தங்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றாள். நான் மேலேயிருந்து, எல்லோரும் கேட்கும்படி, “என்னா, கல்யாண வீட்டுக்கா வந்திருக்க? கையை ஓட்டு” என்று கத்தினேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுங்குகிற கையால் கொழுந்து கிள்ளத் தொடங்கினாள். நீ மட்டும் உன் நிரையை விட்டு இறங்கிவந்து அவள் கூடையை இறக்கினாய். அதற்கும் உன்னை ஏசினேன். அன்றைக்கு உன் அம்மாவுக்கு அரைநாள் கூலியாக அரைப்பேர்தான் போட்டார்கள். போடச் சொன்னவன் நான்தான் மரகதம். கணக்கப்பிள்ளை போட்டார் என்று இத்தனை வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். நம் டிஸ்பென்சர் ஐயாவை நீ குறைவாக நினைக்கக் கூடாது என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். உன் தம்பி மூன்று வயதில் மார்ச்சளிக் காய்ச்சலில் கிடந்தபோது, அந்த மனிதர் லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கில் உட்கார்ந்து அவனைப் பார்த்தவர். இரண்டு நாள் அப்படி வந்தார். லயத்து வாசல்படியை அப்படி மிதித்த பெரிய மனிதர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் உன் அம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். லேசாக வீக்கம் இருக்கிறது, நரம்பும் பலவீனம் என்று சொல்லி மருந்து கலக்கிக் கொடுத்தார். போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். போத்தலின் பக்கத்தில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரம் வெட்டிய காகிதத் துண்டை ஒட்டித் தருவார். முதல் இரண்டு வாரம் நடுக்கம் குறைந்தது, நெஞ்சுப் படபடப்பும் அடங்கியது. நான் லயம் முழுக்க டிஸ்பென்சர் ஐயாவின் கைராசியைப் பேசித் திரிந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாம் திரும்ப ஆரம்பித்தது, முன்னைவிட அதிகமாக.

அடுத்த எட்டு மாதம் போத்தலை எடுத்துக்கொண்டு போனவன் நான்தான். உன் அம்மாவால் ஏற்றம் ஏற முடியவில்லை. ஐயா ஜன்னல் வழியாகப் போத்தலை வாங்கிக்கொண்டே கேட்பார்.

“எப்படி கங்காணி, சம்சாரத்துக்கு?”

“பரவாயில்லைங்க ஐயா, உங்க புண்ணியத்துல.”

இதுதான் நான் சொன்ன பதில். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். அங்கே காம்பராவில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், இங்கே நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பரவாயில்லைங்க என்பேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. துரை கேட்டாலும், கணக்கப்பிள்ளை கேட்டாலும், சம்பந்தி கேட்டாலும் நம் ஆட்கள் வாயில் முதலில் வருவது அதுதானே. சுகமா என்றால் பரவாயில்லைங்க. கூரை ஒழுகுதா என்றால் பரவாயில்லைங்க. நல்லது செய்த மனிதரின் முகத்துக்கு நேரே உங்கள் மருந்து கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் அதைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்ப்போம் என்று அதே மருந்தைக் கலக்கிக் கொடுப்பார்.

நீ ஒருநாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “டிஸ்பென்சர் ஐயாகிட்ட உள்ளதைச் சொன்னீங்களாப்பா?” உள்ளதைச் சொன்னால் அவர் மனசு நோகாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, “அம்மாவுக்கு நோவுதே” என்றாய். அப்போது உனக்கு வாய் அதிகம் என்று நினைத்தேன். உன்னை எந்த வீட்டில் கட்டிக்கொடுப்பது என்று கவலைகூடப் பட்டேன்.

அகரப்பத்தனை கடைவீதியில் பஷீர் நானாவின் கடைக்கு நீ கருவாடு வாங்கப் போனது அந்த மாசிப் பனிக்காலத்தில்தான். உன் அம்மாவின் கண் இரண்டும் பிதுங்கினாற்போல் ஆகியிருந்த நேரம். நானா தராசைப் பிடித்துக்கொண்டே அம்மா எப்படி என்று விசாரிக்க, நீ என்னைப் போலப் பரவாயில்லை என்று சொல்லாமல் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாய். அவர் நிறுவையை அப்படியே நிறுத்திவிட்டாராம். “மகள், எங்க வீட்டிலயும் பொஞ்சாதிக்கு இதே மாதிரித்தான் இருந்திச்சு. நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்க இருந்த டாக்டர்தான் கண்டுபுடிச்சார். இண்டைக்கு என் பொஞ்சாதி கல்லு மாதிரி இருக்கா. ஒங்க அம்மாவைக் கொண்டு காட்டுங்க, தாமதிக்க வேணாம்” என்று சொல்லியிருக்கிறார். நீ கருவாட்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாய்.

வந்ததும் சொன்னாய்: “நாளைக்கி நான் பெரட்டுக்கு வரல. அம்மாவைக் கூட்டிக்கிட்டு நுவரெலியா போறேன்.”

நான் சாமி வந்தவன் மாதிரி ஆடினேன். டிஸ்பென்சர் ஐயா துண்டு எழுதித் தராமல் வெளி ஆஸ்பத்திரிக்குப் போவதா? காலை பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது எல்லோர் முன்னாலும் கங்காணி பெண்டாட்டியும் மகளும் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நாளைக்கு உன் தம்பிக்கு ஒன்று என்றால் எந்த முகத்தோடு அந்த ஜன்னலில் போய் நிற்பேன்? “அவரு என்னா நெனப்பாரு?” என்று கத்தினேன். நீ கத்தவில்லை. “அவரு என்னா நெனச்சாலும் அம்மா இருப்பாங்கள்ல” என்றாய். போனால் இந்தக் காம்பராவுக்குத் திரும்பி வராதே என்று சொன்னேன். அப்போதுதான் உன் அம்மா பாயில் படுத்தபடியே, “நான் போறேங்க” என்றாள். இருபது வருஷத்தில் என் பேச்சை மீறி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள் காலை பெரட்டில் நின்றேன். கீழே ரோட்டில் நீங்கள் இருவரும் போவது தெரிந்தது. அந்தக் கொட்டுகிற பனியில் உன் அம்மா கம்பளியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். நீ அவளுக்காக நின்றாய். ஒருதரம் அவள் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெரட்டை விட்டு இறங்கி ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, “பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் வழி தெரியாதேன்னு வந்தேன்” என்று சொன்னேன். நான் நுவரெலியாவுக்கு அதற்கு முன் இரண்டே தடவை போனவன். லிந்துலையில் பஸ் மாற வேண்டும் என்பதுகூட உனக்குத்தான் தெரிந்திருந்தது, சிங்களத்தில் கண்டக்டரிடம் கேட்டவளும் நீதான். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்தேன்.

அந்த டாக்டர் சிங்களவர். கொச்சைத் தமிழில் பொறுமையாகக் கேட்டார். உன் அம்மாவை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் காற்றில்லாமலே படபடவென்று ஆடியது. கழுத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “முன்னாடி வேற மருந்து ஏதும் எடுத்ததா? வேற எடத்தில காட்டியதா?”

“இல்லைங்க ஐயா. எங்கயும் காட்டல” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நீ பிறகு கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். டிஸ்பென்சர் ஐயா பேரை ஒரு பெரிய டாக்டர் முன்னால் எடுத்தால் அது காட்டிக்கொடுப்பது என்று நினைத்தேன். அவருக்கு மேலிடத்திலிருந்து ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்த படிப்பு, இடம் தெரியாமல் வந்து நின்றது. டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்து எழுதத் தொடங்கினார். நீ உன் துணிப்பையை அவிழ்த்து அந்தப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தாய். பக்கத்தில் காகிதத் துண்டு ஒட்டியபடி, அடியில் மருந்து மிச்சம் இருந்தபடி.

“அப்பா சொல்றது சரியில்லைங்க ஐயா. எட்டு மாசமா இதைத்தான் குடிக்கிறாங்க. மொத ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம் கூடிப்போச்சு. குளிர்ல கம்பளி போட மாட்டேங்கிறாங்க, வேர்க்குதுங்கிறாங்க. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் எளைச்சுக்கிட்டே வர்றாங்க.”

ஒரு பெரிய மனிதர் முன்னால் என் மகள் என்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாள். என் காது எரிந்தது. டாக்டர் போத்தலை மூக்கருகே வைத்து முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். அவர் விளக்கியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கழுத்துக்குள் இருக்கிற ஒரு சுரப்பி அளவுக்கு மீறி ஓடுகிறது. இந்த மருந்து அதை முதலில் அமுக்கும், கொஞ்ச நாளில் கைவிட்டுவிடும், அதற்கு மேலும் கொடுத்தால் கெடுதல். பிறகு அவர் சொன்னதை அவர் தமிழிலேயே எழுதுகிறேன். “நீங்க சொல்லாட்டி, நானும் இந்த மாதிரி மருந்துதான் குடுக்கும். இந்த மகள் நல்ல மகள்.”

அன்றே படுக்கை போட்டார்கள். மருந்து மாறியது. நாலைந்து மாதத்துக்குப் பிறகு கண்டிக்கு அனுப்பிக் கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். அந்தத் தழும்பைத் தாலிக்கயிறு மறைத்துவிட்டது. அதெல்லாம் நீ கூடவே இருந்து பார்த்தது. நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். கண்டியிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு விடியலில் நீ தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருந்தாய். உன் அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு, “குளிருதுங்க, அந்தக் கம்பளியை எடுங்க” என்றாள். நான் கம்பளியை எடுத்துக்கொடுக்காமல் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மலையில் அவளை ஏசியதற்கும் அரைப்பேருக்கும் அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். “கையை ஓட்டுன்னு கத்துன வாயா இது?” என்று கேட்டுவிட்டு, “மொதல்ல கம்பளியைக் குடுங்க” என்றாள்.

நான் பயந்தது ஒன்று பாக்கி இருந்தது. டாக்டர் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சர் ஐயாவிடம் போனேன். படித்துவிட்டு அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். “ஒவ்வொரு தடவையும் நீ என்னா சொன்ன கங்காணி?” என்று கேட்டார். “பரவாயில்லைன்னு சொன்னேங்க.” “நான் அதை நம்பிட்டேன். கூடிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டாம் மாசமே துண்டு எழுதியிருப்பேனே. நானும் ஏறிவந்து பார்த்திருக்கணும்” என்றார். நான் எட்டு மாதம் காப்பாற்றியதாக நினைத்த மரியாதையில் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதன் பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்த ஜன்னலில் யார் வந்து பரவாயில்லைங்க என்றாலும், “அந்தப் பேச்சு வேணாம். கூடிருக்கா, கொறஞ்சிருக்கா, அதைச் சொல்லு” என்று அதட்டுவார். ஜனங்கள் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்தார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும்.

இதை ஏன் உன்னிடம் வரும் பெண்களுக்கு வாசிக்கச் சொல்கிறேன் என்று இப்போது விளங்கியிருக்கும். வாரத்துக்கு ஒரு டாக்டர் என்று பூவுக்குப் பூ தாவவும் கூடாது, அதையும் அவர்களுக்குச் சொல். மருந்துக்கு அதன் நாளைக் கொடுக்க வேண்டும். அந்த நாளும் கடந்து கூடிக்கொண்டே போனால் கொடுத்தவரிடமே போய்க் கூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கும் மேலே வேறொருவரிடம் போகிறபோது பழைய போத்தலைக் கழுவாமல் எடுத்துப் போக வேண்டும். முந்தியவரைத் திட்டிக்கொண்டு போவதும் வேண்டாம், மறைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். இதெல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது போல எழுதுகிறேன் பார். உன்னிடம் படித்ததைத்தான் திருப்பி உனக்கே எழுதுகிறேன்.

போன தீபாவளிக்குக் கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கி, தையல்காரர் வீடு எது என்று விசாரித்தேன். நீங்கள் வீடு மாறியது எனக்குச் சரியாகத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசியில் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண், “ஆஸ்பத்திரி அக்கா வீடுங்களா?” என்று கேட்டாள். யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் நீ கூடப் போவாயாம், நர்ஸ்மாரிடம் சிங்களத்தில் பேசுவாயாம், டாக்டர் கேட்பதற்கு நோயாளி மழுப்பினால் குறுக்கே விழுந்து உள்ளதைச் சொல்லிவிடுவாயாம். “நீங்க அவங்களுக்கு யாருங்க?” என்றாள். “அப்பா” என்றேன். தோட்டத்தில் எத்தனையோ பேர் என்னைக் கங்காணி என்று கும்பிட்டிருக்கிறார்கள், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது நிமிர்ந்த மாதிரி நான் நிமிர்ந்ததில்லை. உன் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன், பேரனைக் கொஞ்சினேன், இதைச் சொல்லாமலே ரயில் ஏறிவிட்டேன். உன் கல்யாணத்தன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன்னைப் பெற்றதில் எனக்கு ரொம்பப் பெருமை மரகதம். அன்றைக்கு அந்தப் போத்தலை மேசைமேல் வைத்தாயே, அந்தக் கையை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை.

இனி என் கால். நாலு மாதத்துக்கு முன்னால் அட்டை கடித்த இடம். இப்போதிருக்கும் டிஸ்பென்சர் சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளை. தூளும் களிம்பும் தருகிறார். போகும்போதெல்லாம் எப்படி என்று கேட்கிறார். நான் என்ன சொல்கிறேன் என்று உனக்கு எழுதவும் வேண்டுமா? கிழவன் திருந்தவில்லை. நேற்றுக் காலை உன் அம்மா என் கையில் தடியைக் கொடுத்து அனுப்பினாள். அவரிடம் போய் ஆறவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது நாக்கு புரளவில்லை. அவர் கோபிக்கவில்லை, “நல்ல வேளை சொன்னீங்க” என்று உடனே துண்டு எழுதித் தந்துவிட்டார்.

திங்கட்கிழமை, முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். களிம்பு டப்பாவையும் தூள் மடித்த காகிதத்தையும் உன் அம்மா துணிப்பையில் கட்டி வைத்துவிட்டாள், எதையும் கழுவவில்லை. டாக்டர் கேட்கும்போது நான் பழைய புத்தியில் ஏதாவது உளறினால், நீ பக்கத்தில் இருந்து அன்று போலக் குறுக்கே பேசு. என் காது எரியாது.

பரவாயில்லை என்று எழுதியதெல்லாம் பொய். வலிக்கிறது மகளே.

அப்பா